மனையும் மரமும் – வாசகர் கேள்வி பதில்: விறாந்தைக் கிராதியைக் கழற்றி எறியலாமா?

கேள்வி: எங்கள் வீடு முள்ளியவளையில் இருக்கின்றது. அம்மப்பாவின் தகப்பனார் கட்டியது. நூறு வயதைத் தாண்டிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். முன் விறாந்தையின் மூன்று பக்கமும் கடைந்த கால்களுடன் கூடிய மரக் கிராதி இருக்கின்றது. 2008ஆம் ஆண்டின் கடைசியில் இடம்பெயர்ந்து 2011இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை. ஆனால் கிராதி பெரும்பாலும் நின்றது. 62 கால்களில் 9 கால்களை மட்டும் காணவில்லை. அடுத்த வருடம் கூரை போட்டு, நிலத்துக்கு ரைல்ஸ் பதித்து, கிராதிக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தோம். இப்போது கால்களின் அடிப்பகுதி உக்கி, கை வைத்தாலே கிராதி ஆடுகின்றது. பார்க்க வந்த தச்சுத் தொழிலாளர், எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுச் சீமெந்துக் கால்களை வார்த்து வைப்போம் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி, ஒன்றையும் கழற்ற விடாதே என்கிறான். வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லாரும் வருகிறார்கள். அதற்குள் என்ன செய்யலாம்? மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். – ஓய்வுபெற்ற ஆசிரியை, முள்ளியவளை

பதில்: கழற்றலாம், எறியக் கூடாது. தச்சுத் தொழிலாளரும் தம்பியும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டாவதை நான் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். கடைந்த கால்கள் கீழே ஒரு மரச் சட்டத்தில் ஏறி நிற்க வேண்டும். உங்கள் வீட்டிலோ அவை ரைல்ஸுக்குள்ளிருந்து முளைத்தவை போல நிற்கின்றன. அப்படியானால் அந்த அடிச்சட்டம் எங்கே? அது எங்கும் போகவில்லை. 2012இல் தரையை உயர்த்தியபோது, கழற்றி மாட்டும் வேலைக்குப் பஞ்சிப்பட்டு, அதைச் சுற்றியே சீமெந்தைப் போட்டு மூடிவிட்டார்கள். உங்கள் கிராதியின் நோய் அங்கேதான் தொடங்கியிருக்கின்றது. இதைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும், எத்தனை புதுக் கால்களைக் கடைந்து வைத்தாலும், சில மாரிகளுக்குள் மீண்டும் இதே கடிதத்தை எழுத வேண்டி வரும்.

பழைய தச்சர்கள் அடிச்சட்டத்தைத் தரையில் கிடத்துவதில்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே, தரைக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் வெளி விட்டு, அதைத் தூண்களிலேயே தாங்க வைப்பார்கள். விறாந்தையைக் கூட்டினால் குப்பையும், கழுவினால் தண்ணீரும் அந்த வெளியால் முற்றத்துக்குப் போய்விடும்; காற்றும் அதனூடே ஓடிச் சட்டத்தின் அடியை உலர்த்திக்கொண்டிருக்கும். சட்டத்தின் மேல்முகத்தையும் சமதளமாக விடாமல், வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகவே சீவியிருப்பார்கள். பார்வைக்குத் தெரியாத அந்தச் சரிவு மழைத்தண்ணீரை நிற்க விடாது.

மரம் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் பக்கவாட்டால் அல்ல, வெட்டுமுனையால். ஒரு கட்டு வைக்கோலை நிமிர்த்தி வைத்தது போல, மரத்தின் நார்க்குழாய்கள் எல்லாம் அந்த முனையில் வாய்திறந்து கிடக்கின்றன. காலின் அடியில் நாக்குப் போல நீட்டியிருக்கும் கழுந்து, அடிச்சட்டத்தின் துளைக்குள் அந்தத் திறந்த வாயைக் கீழே வைத்தபடி உட்கார்ந்திருக்கின்றது. துளைக்குள் தண்ணீர் தேங்கினால் அது உறிஞ்சாமல் வேறென்ன செய்யும்? மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டி நீடித்தால், உக்கச் செய்யும் பூஞ்சணம் வேலையைத் தொடங்கிவிடும். வன்னியில் ஐப்பசி தொடங்கித் தை வரை மழை; அதன் பிறகு வருடத்தின் பெரும்பகுதி வெயில். குடித்த தண்ணீரை வெளியே விட வழி இருந்தால் மரம் கோடையில் தானாக உலர்ந்து தப்பிக்கொள்ளும். உங்கள் கால்களுக்கு அந்த வழி இல்லை. கீழே சீமெந்து, சுற்றிலும் பெயின்ற், போதாததற்குக் காலையும் மாலையும் விறாந்தை கழுவும் வாளித் தண்ணீர். சித்திரை வெயிலிலும் அந்தக் கால்களின் அடிக்கு மாரிதான்.

எது உக்கியது, எது உக்கவில்லை என்பதை முதலில் பாருங்கள். கூரான குத்தூசி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு காலையும் அடியிலிருந்து மேல்நோக்கி அரை அங்குலத்துக்கு ஒருமுறை குத்திப் பார்க்க வேண்டும். ஊசி சொதக்கென்று இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. நுனி மட்டும் பதிந்து நின்றால் மரம் உயிரோடு இருக்கின்றது. பத்து வருடங்களுக்கு முன் எங்கள் பழைய வீட்டுக் கிராதியை நான் பிரித்தபோது, ஒரு காலை மடியில் வைத்துக்கொண்டு இப்படிப் பார்த்தேன். அடியில் இரண்டு அங்குலம் ஈரப் பிட்டுப் போல உதிர்ந்தது. அதற்கு மேலே ஊசி ஏறவே இல்லை. பச்சை, அதன் கீழ் வெள்ளை, அதன் கீழ் காவி என்று பூச்சுகளைச் சுரண்டிக்கொண்டு போனால், அடியில் முதிரை மரத்தின் இளம்பொன் நிறம் பட்டுத்துணியைப் போலப் பளபளத்தது. இரண்டடிக் காலில் இரண்டு அங்குலந்தான் நோய். அதற்காக முழுக் காலையும் விறகாக்குவது, விரல் நுனியில் புண் வந்ததற்குத் தோளோடு கையை எடுப்பது போன்றது. அதே நாளில் நான் செய்த மடத்தனத்தையும் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு அலவாங்கால் நெம்பி, இரண்டு கால்களின் கழுத்தை முறித்துவிட்டேன். நூறு வருடம் தாங்கியவை என் ஒரு மணிநேரப் பொறுமையின்மையைத் தாங்கவில்லை.

ஆகவே, பிரிப்பதை நிதானமாகச் செய்யுங்கள். பிரிக்க முன்னர் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, இடமிருந்து வலமாக எண்ணிடுங்கள். பேனையால் எழுதிய எண் சுரண்டும்போது போய்விடும். பால்மா ரின்னின் தகரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஆணியால் எண்ணைக் குத்தி, மெல்லிய கம்பியால் காலின் கழுத்தில் கட்டிவிடுவது நல்லது. கையால் கடைந்த கால்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அவற்றின் துளைகளும் அப்படியே. 14ஆம் காலின் கழுந்து 15ஆம் துளைக்குள் போகாது. இடையில் யாராவது அடித்த இரும்பு ஆணிகளைப் பிடுங்க முயன்றால் மரம் பிளக்கும். இரும்பறுக்கும் வாளின் அலகை மட்டும் எடுத்து, மூட்டின் இடுக்கால் விட்டு, ஆணியை உள்ளேயே அறுத்துவிடலாம்.

உக்கிய அடியை, நல்ல மரம் தெரியும் வரை அறுத்துவிட்டுப் புது அடி வைக்க வேண்டும். உங்கள் படத்தில் கால்களின் கடைச்சலுக்குக் கீழே சதுரமான கட்டைப் பகுதி ஒன்று தெரிகின்றது. ஒட்டு அந்தச் சதுரத்துக்குள் முடிந்துவிட்டால் கடைச்சல் பட்டறைக்கே போகத் தேவையில்லை. இடம் போதுமானால் காலின் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்குச் சாய்வாக அறுத்து, புதுத் துண்டையும் அதே சாய்வில் அறுத்துப் பொருத்துங்கள். சாய்வின் தாழ்ந்த ஓரம் முற்றத்தைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் மூட்டில் படும் தண்ணீர் உள்ளே இறங்காமல் வெளியே வழியும். இடம் குறுகலானால் நேராக அறுத்து, நடுவில் அரை அங்குலக் குறுக்களவுள்ள வைர மர ஆணி (வைரம் என்பது மரத்தின் நடுவே முற்றி இறுகிய பகுதி) ஒன்றை இரண்டு பக்கமும் ஏறுமாறு வைத்து, தண்ணீரில் கரையாத பசையால் ஒட்டலாம். கடைச்சலுக்கு உள்ளேயே உக்கல் ஏறியிருந்தால், ஒட்டைக் கடைச்சலில் மணி எனப்படும் உருண்ட பகுதி ஒன்றின் அடிப்பள்ளத்தில் வையுங்கள். அந்த நிழலில் கோடு தெரியாது.

இரண்டு பாகங்களைக் கலந்து இறுக வைக்கும் எப்பொக்சிப் பிசினைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஒரு விரல் நுனி அளவுள்ள குழிக்கு அது நல்லது. அழிந்துபோன அடி முழுவதையும் அதனால் வார்ப்பதை நான் ஏற்பதில்லை. மரம் மாரியில் பருக்கும், கோடையில் சுருங்கும். எப்பொக்சி அப்படி அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரளவு வெடிப்பு விழுந்து, அதற்குள் போன தண்ணீர் வெளியே வராது. ஈரமுள்ள மரத்தின்மேல் அதைப் பூசுவது, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

புது அடிக்கு எந்த மரம்? முடிந்தவரை கால் எதுவோ அதுவேதான். வன்னியின் பழைய வீடுகளில் முதிரையும் பாலையும் அதிகம். பாலை தண்ணீரில் போட்டால் மிதக்காத அளவுக்குக் கனமானது. உளியின் வாயை மழுக்கும். உலரும்போது வெடிக்கவும் செய்யும். ஆனால் அடிச்சட்டத்துக்கு வைரம் பாய்ந்த பாலையைப் போல வேறொன்றும் நிற்காது என்பது என் எண்ணம். கால்களின் அடிக்கு முதிரை அல்லது முற்றிய தேக்கின் வைரம் போதும். வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பாகத்தை விலை குறைவு என்று வாங்காதீர்கள். மரத்தைத் துளைக்கும் உளுவண்டு அதைத்தான் முதலில் தின்னும். இளந்தேக்கில் அந்த வெள்ளைதான் அதிகம். உங்கள் வளவிலேயே உடைந்த பழைய நிலையோ யன்னல் சட்டமோ கிடந்தால், அதுதான் மிகச் சிறந்த மரம். பல வருடம் உலர்ந்தது, இனி வளையாது. அரசாங்கத்தின் மரக் கூட்டுத்தாபனத்திலோ உரிமம் பெற்ற மரக்காலையிலோ வாங்கினால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முதிரை போன்ற மரங்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஏற்றிச் செல்வதற்கு வனவளத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

புதிதாக அறுத்த மரம் உலர்ந்துவிட்டதா என்பதை அறிய மானி தேவையில்லை. ஒரு துண்டைப் பலசரக்குக் கடைத் தராசில் வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, தொடர்ந்து சில வாரங்கள் மாறாமல் நின்றால் அது உலர்ந்துவிட்டது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு.

காணாமற்போன 9 கால்களையும் கடைவதற்கு மாதிரியாக, பெயின்றோடு நிற்கும் காலைக் கொடுத்துவிடாதீர்கள். பல பூச்சுகள் சேர்ந்து மணிகளின் விளிம்பை மழுக்கியிருக்கும். அதைப் பார்த்துக் கடைந்தால் புதுக் கால்கள் வீங்கிய முகத்தோடு வரும். ஒரு காலை மட்டும் மரம் தெரியும் வரை முழுமையாகச் சுத்தம் செய்து, அதன் பக்கத் தோற்றத்தைக் கடின மட்டையில் வெட்டி, ஒவ்வொரு மணியிலும் கழுத்திலும் குடத்திலும் உள்ள குறுக்களவையும் அதிலேயே எழுதி, காலோடு சேர்த்துக் கொடுங்கள். கடைச்சல்காரர் 9 கால்களையும் ஒரே அச்சாக எடுத்துத் தருவார். அவை பழையவற்றைவிடச் சீராக இருக்கும். இருக்கட்டும். அவற்றின் கழுந்தில், துளைக்குள் மறையும் இடத்தில், செய்த வருடத்தை உளியால் வெட்டி விடச் சொல்லுங்கள். பின்னர் பிரிப்பவருக்கு எது பழையது, எது புதியது என்று தெரியும். முதிரைத் தூள் பலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். கடைபவருக்கும் அரத்தாள் தேய்ப்பவருக்கும் முகமூடியும் நீண்ட கைச் சட்டையும் அவசியம்.

பழைய பெயின்றை அகற்றும் விடயத்தில் மட்டும் நான் கடுமையாகப் பேச வேண்டியிருக்கின்றது. அந்தக் காலப் பெயின்றில் ஈயம் இருந்திருக்கும் என்றே எண்ணிக்கொண்டு வேலை செய்யுங்கள். நம் நாட்டில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்டக் கட்டுப்பாடு 2013ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த பூச்சை அரத்தாளால் தேய்த்தால் அது தூளாகப் பறந்து மூச்சோடு உள்ளே போகும். ஊதுவிளக்கால் சுட்டால் ஆவியாகும். இரண்டும் வேண்டாம். தண்ணீரைத் தெளித்து, ஈரத்திலேயே சுரண்டியால் சுரண்டுங்கள். கீழே ஒரு பொலித்தீன் விரிப்பு இருக்கட்டும். விழுந்த செதில்களைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள், எரிக்காதீர்கள், கோழி மேயும் இடத்தில் கொட்டாதீர்கள். வேலை முடியும் வரை சிறு பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. ஈயம் பெரியவர்களைவிடப் பிள்ளைகளையே அதிகம் கெடுக்கும். எல்லாப் பூச்சையும் எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இறுகப் பிடித்திருக்கும் பூச்சை விட்டுவிட்டு, கழன்றதை மட்டும் எடுத்து, அதன்மேல் பூசினாலும் மரத்துக்கு ஒரு குறையும் இல்லை; மணிகளின் அழகு மட்டும் சற்று மங்கலாகத் தெரியும்.

இனித் தரை. ரைல்ஸ் முழுவதையும் உடைக்கத் தேவையில்லை. தூண்களுக்கு நடுவே கிராதி ஓடும் ஓரத்து வரிசையை மட்டும் வெட்டி எடுத்து, புதைந்து உக்கிய சட்டத்தைத் தோண்டி அகற்றி, அந்தப் பட்டியைப் பழைய தரை மட்டத்துக்கு இறக்கி, முற்றத்தை நோக்கிச் சரிவாகச் சீமெந்து பூசச் சொல்லுங்கள். தண்ணீர் போகும் வாய்க்கால் போல அது இருக்கும். அப்படிச் செய்தால் புது அடிச்சட்டம் பழைய உயரத்திலேயே நிற்கும். கீழே பழைய வெளியும் திரும்பக் கிடைக்கும். மேல் கைபிடிச் சட்டத்தைத் தொட வேண்டி வராது. தரை உயர்ந்துவிட்டது என்பதற்காகக் கால்களை வெட்டிக் குட்டையாக்கலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் வாளைக் கொடுக்காதீர்கள். அடிச்சட்டத்தின் ஒவ்வொரு துளையின் அடியிலும் கால் அங்குலத் துவாரம் ஒன்றைக் கீழ்ப்பக்கம் வரை போட்டுவிடுங்கள். உள்ளே இறங்கும் தண்ணீர் அதனால் சொட்டிப் போய்விடும். கால்களை அந்தத் துளைகளுக்குள் பசையிட்டு ஒட்ட வேண்டாம். இறுக்கமாகப் பொருந்தினால் போதும். அடுத்தமுறை பிரிப்பவர் உங்களை வாழ்த்துவார். எங்காவது முறுக்காணி வைக்க வேண்டி வந்தால் பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு வையுங்கள்.

பூச்சு பூசும்போது வெட்டுமுனைகளுக்கே முதல் மரியாதை. கழுந்துகளையும் துளைகளின் உட்புறத்தையும், பொருத்துவதற்கு முன்னரே, மூன்று தடவை அடிப்பூச்சுக் குடிக்க விடுங்கள். ஒவ்வொரு தடவையும் முதல் பூச்சு உலர்ந்த பின். வெளியே இரண்டு அடிப்பூச்சு, இரண்டு மேற்பூச்சு. காலையில், வெயில் விறாந்தையைத் தொடும் முன் பூசி முடிப்பது நல்லது. சூடேறிய மரத்தில் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாய் இருந்து கொப்புளிக்கும். கச்சான் காற்று வீசும் நாளில் பூசினால் முற்றத்து மண் முழுவதும் உங்கள் கிராதியில் ஒட்டியிருக்கும். கடைகளில் லின்சீட் என்று கேட்டால் தரும் ஆளிவிதை எண்ணெயைப் பூச விரும்பினால், துடைத்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு பிறந்து, குவியல் தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவிட்டுப் பிறகே எறிய வேண்டும்.

சீமெந்துக் காலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முல்லைத்தீவுக் கடல் உங்களுக்குத் தொலைவில் இல்லை. மெல்லிய சீமெந்துக் காலுக்குள் வைக்கும் கம்பியை மூடியிருப்பது ஓர் அங்குலத்துக்கும் குறைந்த சீமெந்து. உப்புக் காற்றில் கம்பி துருவேறும், துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும், கால் நெடுக வெடிக்கும். மரக் காலுக்கு அடி மாற்றலாம். வெடித்த சீமெந்துக் காலுக்கு என்ன செய்வீர்கள்?

கடைசியாகப் பொங்கல். வைகாசிக்குள் பிரித்து, சுரண்டி, அடிகளை ஒட்டி, தரையின் ஓரத்தைச் சரிசெய்து முடிக்கலாம். மரம் உலர்ந்திருக்காவிட்டால் 9 புதுக் கால்களை வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். அந்த இடங்களில் நேரான பலகைச் சலாகையைத் தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள். வருகிறவர்கள் கேட்பார்கள்; காலைக் கையில் எடுத்துக் காட்டி, தம்பியிடமே செலவுக்கும் கேட்கலாம். எல்லாவற்றையும் ஆவணிக்குள் முடித்துவிட்டால் மாரிக்கு முன் பூச்சு நன்றாக இறுகிவிடும். வீடு தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டும், எதையும் தொட முன்னர் அவர்களின் எழுத்து மூல அனுமதி வேண்டும்.

கேள்வி: செட்டிகுளத்தில் எங்கள் பழைய வீட்டின் விறாந்தைக் கிராதியில் கறையான் ஏறுகின்றது. உழவு இயந்திரத்தின் கழிவு எண்ணெயைப் பூசினால் ஓடிவிடும் என்கிறார்கள். மேற்கைபிடியின் கீழே கடுகு போன்ற மணிகளும் கொட்டிக் கிடக்கின்றன. – வாசகர், செட்டிகுளம்

பதில்: உங்கள் வீட்டில் இரண்டு எதிரிகள் இருக்கிறார்கள், இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை. மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு ஏறுவது நிலக் கறையான். அதற்கு நிலத்தோடு தொடர்பும் ஈரமும் வேண்டும். குழாயைச் சுரண்டி உடைத்து, அது எங்கிருந்து ஏறுகின்றது என்று பார்த்து, கிராதியில் சாய்த்து வைத்திருக்கும் விறகு, பழைய பலகை, பூச்சட்டி எல்லாவற்றையும் அகற்றுங்கள். கடுகு போன்ற மணிகள் உலர்மரக் கறையானின் எச்சம். ஒன்றை உள்ளங்கையில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தால் ஆறு பட்டைகள் தெரியும். அது மண்ணுக்கு வராமல், மரத்துக்குள்ளேயே பிறந்து, அங்கேயே குடும்பம் நடத்தும். மாவு போல மெல்லிய தூள் கொட்டினால் அது கறையானே அல்ல, உளுவண்டு.

உலர்மரக் கறையான் இருக்கும் சட்டத்தைச் சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டு போங்கள். ஓசை வெறுமையாகக் கேட்கும் நீளத்தைக் குறித்து, அந்தப் பகுதியை மட்டும் அறுத்து அகற்றிவிட்டு, மேலே சொன்னதைப் போல ஒட்டுப் போடுங்கள். எஞ்சிய துளைகளுக்குள் மரத்துக்கென்று விற்கும் கறையான் மருந்தை ஊசிக் குழாயால் செலுத்தலாம். போத்தலின் மேலுள்ள அளவை மீறாதீர்கள். கழிவு எண்ணெய் கறையானைச் சில காலம் தள்ளி வைக்கும் என்பது உண்மைதான், வேலிக் கதியாலுக்குப் பூசுங்கள். கிராதிக்குப் பூசினால் அதன்மேல் எந்தப் பெயின்றும் ஒட்டாது. இழுத்த எண்ணெயை மரத்திலிருந்து எடுக்கவும் முடியாது. கைபிடியில் சாய்ந்தவரின் வெள்ளை வேட்டி அதற்குச் சாட்சி சொல்லும். வேப்பெண்ணெயால் இத்தனை தொல்லை இல்லை, ஆனால் அதன் வலு வெயிலிலும் மழையிலும் விரைவில் போய்விடும்.

கேள்வி: 2013இல் வீட்டுத்திட்டத்தில் புது வீடு கட்டினோம். இடிந்த பழைய வீட்டின் கிராதியும் தூண்களும் கொட்டிலில் கிடக்கின்றன. அவற்றைச் சீவிப் புது வீட்டின் முன்பக்கத்தில் வைக்க ஆசை. ஆனால் மரக்காலையில், இது ஷெல் விழுந்த இடத்து மரம், வாள் போய்விடும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். – வாசகர், மாங்குளம்

பதில்: அவர்களைக் குறை சொல்ல முடியாது. மரத்துக்குள் மறைந்திருக்கும் ஓர் எறிகணைத் துண்டு வாளின் பற்களை மட்டும் அல்ல, வாளுக்கு முன் நிற்பவரின் கண்ணையும் எடுக்கும். துண்டு போன வழி பல இடங்களில் மூடிக்கொண்டு, கறுத்த புள்ளியாகவோ நீலங்கலந்த கறையாகவோ மட்டும் தெரியும்; இரும்பு ஈரத்தோடு சேர்ந்து மரத்தைக் கறுக்க வைப்பதால் வரும் கறை அது. பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டி, மரத்தின் நான்கு முகத்திலும் விரற்கடை விட்டு மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் சாயும் இடத்தைச் சோக்கால் வட்டமிட்டு, உளியால் சுற்றித் தோண்டி எடுங்கள். ஈயத்தையும் செம்பையும் காந்தம் காட்டாது. ஆகவே சந்தேகமான ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். உலோகங்காட்டும் கருவி யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது. இவ்வளவும் செய்த பிறகும் இயந்திர வாளுக்குக் கொடுக்காமல், கைவாளாலும் சீவுளியாலும் வேலை செய்பவரிடமே கொடுங்கள். நாள் கூடும், ஆபத்துக் குறையும். வெறும் சிதறலாக இல்லாமல் முழு உருவத்தோடு ஏதாவது மரத்திலோ, கொட்டிலின் மண்ணிலோ தட்டுப்பட்டால், அதைத் தொடாமல் விலகிப் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.

எடுத்த துவாரங்களை அடைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தண்ணீர் தேங்கும் மேல்முகத்தில் உள்ளவற்றை அதே மரத்தின் தக்கையால் அடையுங்கள். பக்கங்களில் உள்ளவற்றை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். நான் என்றால் அடைக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் நெடுங்கேணி வீட்டுக் கிராதி இரண்டடி உயரந்தான். விறாந்தையோ முற்றத்திலிருந்து மூன்றடி. தவழும் பேரப்பிள்ளை வந்திருக்கின்றது. கிராதியை உயர்த்தலாமா? – வாசகி, நெடுங்கேணி

பதில்: கிராதியை உயர்த்தக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்தால் அதன் அளவுப் பொருத்தம் கெட்டுவிடும். பழைய கைபிடிக்கு மேலே ஓரடி உயரத்தில், தூணிலிருந்து தூணுக்கு ஒரு மெல்லிய இரும்புக் குழாயைப் போட்டுக் கறுப்புப் பூசிவிடுங்கள். பின்னர் வேண்டாம் என்றால் தூணில் இரண்டு துளைதான் மிஞ்சும். தவழும் பிள்ளைக்கு உயரத்தைவிடக் கால்களின் இடைவெளிதான் முக்கியம். நான்கு அங்குலத்தைத் தாண்டிய இடைவெளியில் பிள்ளையின் உடம்பு போகும், தலை சிக்கும். அங்குல நாடாவால் அளந்து பாருங்கள். கூடுதலாக இருந்தால் பிள்ளை வளரும் வரை உட்புறமாக வலையைக் கட்டுங்கள், ஆணி அடிக்காமல் கயிற்றால். கிராதிக்குப் பக்கத்தில் இருக்கும் வாங்கிலை இன்றைக்கே சுவரோரமாக இழுத்துப் போட்டுவிடுங்கள். ஏறத் தெரிந்த பிள்ளைக்கு அதுதான் ஏணி.